கப்பல் காத்திருக்காது

இன்று சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும் பேருந்தில், செம்மங்குப்பத்து ரசாயன ஆலைகள் நெருங்கியதும் எல்லோரும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி, "அதச் சாத்தேம்மா, கொடலப் புடுங்குது" என்றார். அழுகிய பழத்தில் ஸ்பிரிட்டை ஊற்றியது போன்ற அந்த நாற்றம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் சாத்தவில்லை. படிக்கிற காலத்தில் இதே வழியில் என் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். ஜன்னலைச் சாத்தப்போன என் கையைத் தட்டிவிட்டு, "நல்லா இழுத்து மோந்துக்கடி, இதான் டாலர் வாசனை" என்றாய். பேருந்தே திரும்பிப் பார்த்தது. உனக்கு வெட்கமே கிடையாது.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. காய்ச்சல் என்றார்கள், புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள், உடலாகத் திரும்பி வந்தாய். முப்பதைக்கூடத் தொடவில்லை. அழுதது போதும். நீ இருந்தால் முதலில் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும்: "கொட்டாயில யாரையாவது வெளிய அனுப்பிட்டாங்களா?" முந்திரி உடைக்கும் பெண்களில் ஒருத்தியும் வேலை இழக்க மாட்டாள் என்று நீ வாக்குக் கொடுத்திருந்தாய். அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. அந்த வாக்கு என்ன ஆனது என்பதை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

அண்ணாகிராமம் பக்கத்தில் உன் அப்பாவுக்கு முந்திரித் தோப்பும் பருப்பு உடைக்கும் கொட்டகையும் இருந்தன. என் அம்மா மேரி அங்கே கூலிக்கு ஓடு உடைத்தாள். நீ ஊர்த்தெரு, நான் காலனி. ஒரே மண்ணில் வளர்ந்தும் நாம் பேசிக்கொண்டதில்லை. பேசுவதற்குச் சிதம்பரம் வரை போக வேண்டியிருந்தது. 2004இல் எம்.ஏ. பொருளாதாரத்தில் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை. அறைக்கதவில் ரீட்டா என்ற என் பெயரைப் பார்த்த உன் மாமா, அறையை மாற்றித் தரச் சொல்லி அலுவலகம் வரை போனார். நீ மறுத்துவிட்டாய். "இவ குறட்டை வுட மாட்டா மாமா. புதுசா ஒருத்தி வந்தா எப்பிடியோ." அதுவரை நீ என்னோடு ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

முதல் பருவத்தில் ஒரு நாள் பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு நாடு, இரண்டு பொருள், நாலு கோடு போட்டு, வாணிபம் செய்தால் இரண்டு நாட்டுக்கும் லாபம் என்று சாக்பீஸைக் கீழே வைத்தார். நான் எழுந்து, "நாட்டுக்கு லாபம் சரிங்க சார். நாட்டுல யாருக்கு?" என்று கேட்டேன். "அது அடுத்த தாள்ல வரும்மா" என்றார். வகுப்பு சிரித்தது. இரண்டு வருடம் படித்தோம். அந்தத் தாள் வரவே இல்லை.

அன்று சாயங்காலம் கீழவீதி டீக்கடையில் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"ஆப்பிரிக்காக் கொட்டை வர்றதுக்கு முன்ன ஒங்கம்மாவுக்கு எப்ப வேலை இருக்கும்?"

"நம்ம மரம் காய்க்கிறப்ப."

"இப்ப?"

"வருஷம் பூரா."

"அப்ப ஒன் ஹாஸ்டல் பீசு எங்கேருந்து வருது? கப்பல்லேருந்துதான வருது?"

"ஒங்கப்பன் கட்டுன மாடியும் அதே கப்பல்லேருந்துதான் வந்துது. ஒரே கப்பல்ல ஒருத்தருக்கு மாடி, ஒருத்தருக்குக் கறுத்துப்போன கை. அது எப்பிடின்னு சொல்லு, மீதி டீயக் குடிக்கிறேன்."

நீ என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டாய்.

நாம் இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதுதான் அந்தச் சண்டையின் தொல்லை. நம் ஊர் மரங்களை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அம்மா கோடையில் உடைப்பாள், மற்ற மாதங்களில் களை எடுக்கவோ கரும்பு வெட்டவோ போவாள், அதுவும் கிடைக்காவிட்டால் வீட்டில் கஞ்சிதான். ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டை வந்து இறங்கியதும் கொட்டகைக்குப் பூட்டே இல்லாமல் போயிற்று. நான் படித்தது அதனால்தான். அதை மறைத்துப் பேச எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரல் கறுத்து, உரிந்து, மறுபடி கறுக்கும். பருப்பு ஐரோப்பாவுக்குப் போனது. கறுப்பு இங்கேயே தங்கியது. கப்பல் வந்ததால் அந்தக் கறுப்பு வருடம் முழுவதுக்குமாக நீண்டது, அவ்வளவுதான்.

ஒரு விடுமுறையில் நீ என்னோடு கொட்டகைக்குள் வந்தாய். உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட அங்கே வேலை செய்யும் பெண்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். "மேரி, தண்ணி எடுத்தா" என்று பால் பல் விழாத பையன் சொல்வான். நீ என் அம்மா பக்கத்தில் குந்தி, "அம்மா, கட்டையக் குடுங்க, நானும் தட்டிப் பாக்குறேன்" என்றாய். தட்டிக்கொண்டிருந்த கட்டைகள் எல்லாம் நின்றன. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த உன் மாமா தலையைத் தூக்கினார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மா என் மீது பாய்ந்தாள்: "ஒன் சிநேகிதிகிட்ட சொல்லி வையி. அது அம்மான்னு கூப்புட்டா அந்த ஆளு மொறைக்கிறது என்னைத்தான். நாளைக்கி எனக்கு மட்டக் கொட்டையாப் பாத்து அள்ளி வுடுவாரு." அதே மாதிரி அள்ளியும் விட்டார்; பருப்பின் எடைக்குத்தான் கூலி என்பதால் அம்மாவின் கூலி குறைந்தது. நீ அதைக் கேள்விப்பட்டபோது, "நான் நிறுத்த மாட்டேன். அவருதான் நிறுத்தணும்" என்றாய்.

மட்டக் கொட்டை மூட்டைகளில் ஒன்றைக் கொட்டியபோதுதான் அந்த நீல மணிக்கயிறு கிடைத்தது. சின்னக் கைக்கான அளவு. கொட்டைகளுக்கு நடுவே அறுந்து கிடந்தது. அம்மா அதைச் சேலையில் துடைத்துப் பார்த்தாள். "மூட்டை கட்டுறப்ப எவளுக்கோ அறுந்து வுழுந்திருக்கு. எங்கெங்க தேடுனாளோ பாவம்." வீட்டில் மாதா படத்தின் ஆணியில் அதை மாட்டினாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீ அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொட்டை அவுங்க ஊர்ல வெளையுது, அவுங்களே ஏன் ஒடைக்கல?" என்று கேட்டாய். "அந்த வேலை இங்க வந்துட்டுது. அவுங்களுக்கு மூட்டை கட்டுறது மட்டுந்தான். நாளைக்கி ஒரு மிஷின் வரும், நமக்கு மூட்டை தூக்குறது மட்டும் மிஞ்சும்" என்றேன். என் வாய்க்கு அன்று யாரும் சர்க்கரை போடவில்லை.

படிப்பு முடிந்தது. கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. உனக்குச் சென்னையில் ஒரு வங்கி வேலை காத்திருந்தது. ஆனால் உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. உன் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வர மறுத்துவிட்டான். நீ கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தாய். மாமாதான் எல்லாம் என்று இருந்த இடத்தில் நீயும் ஒரு நாற்காலி போட்டாய்.

2008இல் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தன. பண்ருட்டியில் எதுவும் கவிழவில்லை. ஆனாலும் நம்மிடம் பருப்பு எடுக்கும் கொல்லத்து ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. கொட்டகையில் பருப்பு தேங்கியது, பிறகு கொட்டகை பூட்டப்பட்டது. அந்தக் கிறிஸ்துமசுக்கு எங்கள் காலனியில் பல வீடுகளில் நட்சத்திரம் தொங்கவில்லை. அம்மாவோடு உடைக்கும் தனபாக்கியம் எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்: "ஏம்மா ரீட்டா, நீ படிச்சவதான, சொல்லு. அவன் ஊட்டுக் கடன் கட்டாததுக்கு எங்க ஊட்டு அடுப்பு ஏன் அணையுது?" அதைவிடத் துல்லியமான கேள்வி எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. பதிலைச் சொன்னேன். பதில் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

அப்போதுதான் நீ முடிவெடுத்தாய். "நடுவுல நிக்கிறவன் நம்ம கழுத்தப் புடிச்சிகினு இருக்கான். இனிமே நாமளே நேரா அனுப்பணும்." உரிமம், பேக்கிங், வங்கி, துறைமுகம் என்று அலைந்து, ஹாலந்தில் ஒரு வியாபாரியைப் பிடிக்க உனக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"வயசுப் பொண்ணுக்கு ஹாலந்துக்காரங்கூட இன்னா போன்ல பேச்சு?"

"அவன் பொண்ணு பாக்க வரல மாமா. பருப்பு பாக்குறான்."

"வியட்நாம்காரன் மிஷின் போட்டுட்டான். இவ்ளோ பொம்பளைங்கள வெச்சிகினு நீ அவங்கிட்ட போட்டி போட முடியாது. மிஷின வாங்கு, கூட்டத்தக் கொற."

"ஒரு கன்டெய்னர் அனுப்பிப் பாக்குறேன். சரியா வர்லன்னா மிஷின் வாங்கிக்கலாம்."

அதைச் சொல்லிவிட்டு நீ நேராக உடைக்கும் பகுதிக்குப் போய், எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "மிஷின் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, ஒங்கள்ள ஒருத்தரும் வெளிய போவ மாட்டீங்க. இது என் வாக்கு." அம்மா அன்று என்னிடம் சொன்னாள்: "சொல்லுது. நல்ல பொண்ணு. ஆனா மொதலாளி வாக்கு மழைக்காலம் வரைக்குந்தான்." நான் அம்மா கட்சி.

சரக்கை ஏற்றுவதற்கு முன்னால் வாங்குபவனுக்கு மாதிரி அனுப்ப வேண்டும். பல டின்களில் மேலே, நடுவில், அடியில் எனக் கையை விட்டு அள்ளி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்ப வேண்டும். வெள்ளையும் பழுப்பும், முழுசும் ஓரம் உடைந்ததும் கலந்துதான் இருக்கும். அதைப் பார்த்து அவன் விலை சொல்வான். வந்து சேரும் சரக்கையும் அதோடுதான் ஒப்பிடுவான். நீ துறைமுக ஏஜெண்டைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பும் அவசரத்தில், டப்பாவை நிரப்பி வைக்கும்படி பெண்களிடம் சொல்லிவிட்டுப் போனாய். எப்படி நிரப்புவது என்று சொல்லவில்லை. அதுவரை மாதிரி எடுத்ததெல்லாம் கொல்லத்து ஆட்கள்.

அவர்களுக்கு எப்படித் தெரியும்? நம் வீடுகளில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு நாற்காலியையும் வாங்கி வந்து போடுவோம். அதே முறைதான். தனபாக்கியம் உத்தரவு போட்டாள்: "நம்ம பொண்ணு மொத தடவ அனுப்புது. ஆளாளுக்கு ஒங்க கையில வந்ததுலயே அழகானதாப் பொறுக்கிப் போடுங்கடி. அந்த ஹாலந்துக்காரன் அசந்து போவணும்." ஒரு நாள் வேலையை விட்டுப் பொறுக்கினார்கள். என் அம்மா ஒவ்வொரு பருப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாளாம். நீ வந்தபோது டப்பா மூடி, ஒட்டி, மஞ்சள் குங்குமத்தோடு தயாராக இருந்தது. நீ குங்குமத்தைத் துடைத்துவிட்டு அனுப்பினாய்.

அவன் அசந்துதான் போனான். நல்ல விலை சொன்னான். கன்டெய்னர் போய்ச் சேர்ந்ததும், சரக்கு மாதிரிக்கு ஒத்து வரவில்லை என்று விலையை வெட்டினான். உழைப்பு முழுவதும் அந்த வெட்டில் போயிற்று.

நீ அதைக் கொட்டகையில் சொன்னபோது நான் அங்கே இருந்தேன்.  தனபாக்கியம், "திருடலயேம்மா. கல்லு கலக்கலயே. எல்லாம் நம்ம சாக்குலேருந்து வந்ததுதான?" என்றாள். நீ சிரிக்க ஆரம்பித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். "இவ்ளோ நல்லாப் பொறுக்குவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!" மாமா மட்டும் சிரிக்கவில்லை. மிஷின்காரனுக்குப் போன் போட எழுந்து போனார்.

அந்த வருடம் பத்திரிகைகள் முழுக்க நாட்டின் வளர்ச்சி விகிதம் பற்றிய புகழ்ச்சிதான். நாம் இருவரும் கொட்டகை வாசலில் நின்றோம். "இந்த நாடும் இதே டப்பாவைத்தான் காட்டுது. வெள்ளையா, முழுசா, பளபளன்னு. சாக்குக்குள்ள எவனும் கைய வுட மாட்டேங்கறான்" என்றேன். "அவுங்க பெருமையில பொறுக்குனாங்க. நாட்டை நடத்துறவங்க தெரிஞ்சே பொறுக்குறாங்க. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத" என்று நீ திருத்தினாய். அந்தத் திருத்தத்தை நான் ஏற்றுக்கொண்டேன். இன்று வகுப்பில் விகிதங்களை எழுதும்போது பக்கத்திலேயே கேட்கிறேன்: இது டப்பாவா, சாக்கின் அடியா?

2011இல் மிஷின் வந்தது. கேள்விப்பட்டதும் கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கத்தினேன். "வாக்குக் குடுத்த இல்ல?"

"மிஷின் வராதுன்னா குடுத்தேன்? யாரும் போவ மாட்டாங்கன்னு குடுத்தேன். எண்ணிப் பாத்துக்க."

எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். மிஷினை ஓட்ட ஆண்களைக் கொண்டுவர மாமா சொன்னபோது நீ ஒத்துக்கொள்ளவில்லை. என் அம்மாவையும் இன்னும் சிலரையும் மிஷினில் நிறுத்தினாய். மற்றவர்களைத் தோல் உரிக்கவும் தரம் பிரிக்கவும் மாற்றினாய். சரக்கு அதிகம் ஓடியதால் அங்கே கை தேவைப்பட்டது. அம்மாவின் விரல்கள் வாழ்க்கையில் முதல் முறையாக வெளுக்க ஆரம்பித்தன. ஆனால் எடைக்குக் கூலி போய் நாள் கூலி வந்தது. தனபாக்கியம் போல வேகமாக உடைத்தவர்களுக்கு வருமானம் குறைந்தது. "கன்டெய்னர் ஜாஸ்தி போவுது, கூலி மட்டும் கம்மியாவுதா?" என்று உன் முகத்துக்கு நேரே கேட்டேன். நீ தரையைப் பார்த்தாய். அன்று கேட்டது சரி. நீ உயிரோடு இருந்தால் இன்றும் கேட்பேன்.

கன்டெய்னர் லாரி வரும் நாட்களில் உன்னைப் பார்க்க வேண்டும். செருப்பு ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம். "சீக்கிரம்மா, கப்பல் காத்திருக்காது! கப்பல் காத்திருக்காது!" நீ அந்தப் பக்கம் போனதும் அம்மா உன்னைப் போலவே கையை ஆட்டி அதைச் சொல்லிக் காட்டுவாள். கொட்டகையே சிரிக்கும். நீ ஒரு தடவை திரும்பி வந்து பார்த்துவிட்டாய். "கழுத்த இன்னும் கொஞ்சம் நீட்டணும்மா, அப்பதான் என்னை மாதிரி இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாய்.

அந்த டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. விடிந்து பார்த்தால் தோப்புகளில் வானம் தெரிந்தது. தாத்தாக்கள் வைத்த முந்திரி மரங்கள் வேர் மேலே, கிளை கீழே. பலா மரங்கள் பாதியில் முறிந்து நின்றன. உங்கள் தோப்பும் போயிற்று. ஆனால் மின்சாரம் வந்த மறுநாளே கொட்டகை ஓடியது. அங்கே கிடந்தது ஆப்பிரிக்காக் கொட்டை. சுற்றிலும் மரம் இழந்தவன் நடுத்தெருவில் நிற்கிறான், நடுவில் முந்திரிக் கொட்டகை புகை விடுகிறது. கப்பலால் பிழைத்தது எங்கள் பெண்களின் கூலி. கப்பலால் ஏற்கெனவே விலை விழுந்து, பிறகு காற்றால் மரமும் விழுந்தவன் சின்ன விவசாயி. அவனுக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. முறிந்த மரத்தின் மேல் உட்கார்ந்து நீ சொன்னாய்: "நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அத வெச்சிகினு இன்னா பண்றதுடி?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டின் நடுவில் நீயும் இல்லை.

பதில் உன் கொட்டகை வாசலில் கிடைத்தது. கேள்.

நீ போன பிறகு மாமா முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். காரியம் முடியும்வரை பொறுத்தார். பிறகு வெளியூரிலிருந்து மிஷினுக்கு ஆண்களை ஏற்பாடு செய்தார். பழைய உடைப்புப் பெண்கள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றார். உன் வாக்கைத் தனபாக்கியம் நினைவுபடுத்தியதும், "அது செத்துப்போன பொண்ணு வாக்கு. அங்க போயி கேளு" என்றார்.

 சில நாள் கழித்து, காலையிலேயே அம்மா எனக்குப் போன் செய்தாள். "இன்னிக்கி கன்டெய்னர் வருது. நாங்க கேட்டுல உக்காரப் போறோம். ஒன் சிநேகிதி சொல்லிகினே இருக்கும் இல்ல, கப்பல் காத்திருக்காதுன்னு? அப்ப இன்னிக்கி ஐயாதான காத்திருக்க முடியாது? எங்களுக்கு இன்னா அவசரம்?"

 நீ முதலாளியாக வியர்த்துக்கொண்டு சொன்ன வாக்கியம் அது. அதை அம்மா இத்தனை நாளும் கேலிக்காகச் சொல்லிக் காட்டவில்லை, மனதில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

நான் போனபோது கேட்டுக்குக் குறுக்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டின்கள் உள்ளே அடுக்கியிருந்தன, லாரி வெளியே நின்றது. அம்மா என்னைப் பார்த்ததும் விரலைக் காட்டினாள்: "நீ வாயத் தொறக்காத. படிச்சவ தூண்டி வுட்டான்னு கதைய மாத்திடுவாரு." வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற நாள் அது ஒன்றுதான். லாரி டிரைவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிலக்கடலை நீட்டினார்.

மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. துறைமுக ஏஜெண்ட். மாமா ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு, இன்னும் சிவந்து வந்தார்.

"போலீசக் கூப்புடுவேன்!"

"கூப்புடுங்க" என்றாள் தனபாக்கியம். "வர்றதுக்குள்ள கப்பலு போயிடும். அவுங்களுக்கும் சேத்து டீ சொல்லிடுங்க."

"நாளைக்கிப் பேசிக்கலாம். இப்ப எழுந்திருங்க."

"நாளைக்கி கன்டெய்னர் வருமா மாமா?" என்று அம்மா கேட்டாள். அவள் அவரை மாமா என்று கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. எப்போதும் 'ஐயா'தான். டிரைவர் கடலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

வெயில் சாயத் தொடங்கியபோது மாமா கேட்டுக்கு வந்தார். "சரி, யாரையும் அனுப்பல. மிஷின்ல இருக்கறவங்க மிஷின்லயே இருங்க. எழுந்திருங்க."

"யாரையும்னா யாரு?" தனபாக்கியம் விடவில்லை. "பேரச் சொல்லுங்க. ஒவ்வொரு பேரா. டிரைவரு சாட்சி."

மாமா சொன்னார். பெயர் பெயராகச் சொன்னார். பெயர் சொல்லப்பட்டவள் எழுந்து நின்றாள். கடைசியில் என் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"மேரி" என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் மறுபடி அடித்தது. மாமா போனைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "மேரியம்மா."

அம்மா புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "தூக்குங்கடி டின்ன" என்றாள். "கப்பல் காத்திருக்காது." கழுத்தை நீ சொன்ன அளவுக்கு நீட்டித்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள், டின்னைத் தூக்கினார்கள்.

உன் வாக்கு நிற்கிறது. நீ கொடுத்தாய், அவர்கள் நிறுத்தினார்கள். பூசி மெழுக மாட்டேன்: கூலி உயரவில்லை. மரம் இழந்தவர்கள் இன்னும் நட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவை காய்க்கப் பல வருடம் ஆகும். இதைவிடப் பெரிய மிஷின் எங்கோ தயாராகிக்கொண்டிருக்கும். நீலமணிக் கயிற்றுக்காரி இன்னும் மூட்டைதான் கட்டிக்கொண்டிருப்பாள். அவள் ஊர்த் துறைமுகத்திலும் ஒரு வாசல் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நமக்குத் தெரிவதற்கு இவ்வளவு நாள் ஆனது.

போன வாரம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "உலக வாணிபம் நம்மள மாதிரி நாட்டுக்கு நல்லதா கெட்டதா மிஸ்? ஒரே வார்த்தைல சொல்லுங்க." அது அடுத்த தாளில் வரும் என்று நான் சொல்லவில்லை. "சரக்கு ஏத்துற அன்னிக்குக் கேட்டுல யார் உக்காந்திருக்காங்கன்னு சொல்லு, நான் பதில் சொல்றேன்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். கீழவீதி டீக்கடையில் பாதியில் நின்ற நம் சண்டைக்கு என் முடிவும் அதுதான். செல்வத்தைக் கப்பல் கொண்டுவரும், அந்த வாதத்தில் நீ ஜெயித்தாய். அதைப் பங்கு போடும் வேலை கப்பலுடையது இல்லை. அந்த வாதத்தில் நான் ஜெயித்தேன்.

செம்மங்குப்பம் தாண்டும்வரை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். முன் இருக்கை அம்மாள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். மூச்சை இழுத்தேன். டாலர் வாசனை அப்படியேதான் இருக்கிறது. அடுத்த மாதம் கொட்டகைக்கு அடுத்த லாரி வருகிறது. இந்தத் தடவை கூலியைப் பேச வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வாசல் எங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.